கதவு இறங்கினால் ஹேண்டில் உடையும்

யுபிவிசி கதவுக்கு ஹேண்டில் வேண்டும் என்று கடையில் போய் நின்றால் முதலில் வருகிற கேள்வி, "என்ன கலர்?" என்பதுதான். வெள்ளையா, கறுப்பா, மரக் கலரா, தங்க நிறமா என்று நாலு பெட்டியைப் பிரித்து மேஜையில் பரப்பிவிடுவார்கள். கலர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் டேப்பை வைத்து அளந்து சொல்ல வேண்டிய விஷயங்கள் ஐந்தாறு இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழைய ஹேண்டில் ஏன் உடைந்தது?

இந்தப் பதிவு அந்த வரிசையில்தான் போகும். கொஞ்சம் நீளம். கதவு மக்கர் பண்ணிக்கொண்டிருப்பவர்கள் டேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

எங்கள் சிவகிரியில் பழைய வீடுகளுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. தேக்கு நிலை, தேக்குக் கதவு, இரும்பு நாதாங்கி, கொண்டி. எது கழன்றாலும் உள்ளூர் ஆசாரி வந்து உளியும் சுத்தியலும் வைத்து அரை மணியில் முடித்துவிடுவார். இப்போது கொல்லம்–திருமங்கலம் சாலையின் இரண்டு பக்கமும் எழும்பியிருக்கிற புது வீடுகளைப் பாருங்கள். மாடிக்குப் போகிற கதவு, பால்கனிக் கதவு, ஜன்னல் எல்லாம் யுபிவிசி. கரையான் அரிக்காது, மழையில் உப்பாது, வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்க வேண்டாம். நல்ல பொருள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆசாரியைக் கூப்பிட்டால், "அது நம்ம வேலை இல்லையேப்பா" என்று ஒதுங்கிக்கொள்கிறார். கதவு மாட்டிவிட்டுப் போனவர்கள் வெளியூர்க்காரர்கள். வாரண்டி முடிந்த பிறகு ஒரு ஹேண்டிலுக்காக வண்டி எடுத்துக்கொண்டு வர அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வீட்டுக்காரரே தெரிந்துகொள்வதுதான் வழி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் பாத்ரூமுக்கு மாட்டுகிற லேசான பிவிசி கதவையும் இதையும் சேர்த்து 'பிளாஸ்டிக் கதவு' என்றுதான் சொல்கிறார்கள். பாத்ரூம் கதவில் ஒரு தாழ்ப்பாளும் ஒரு பிடியும் மட்டும் இருக்கும். ஸ்க்ரூ ஓட்டை பொருந்தினால் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். யுபிவிசி கதவு வேறு ஜாதி. அதன் சட்டம் உள்ளே பல அறைகளாகப் பிரிந்த குழல். அதற்குள் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை இருக்கும். கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு பூட்டு ஓடும். ஹேண்டில் அந்தப் பூட்டின் ஓர் உறுப்பு. அதனால்தான் கண்ணால் பார்த்து வாங்க முடியாது.

ஹேண்டிலை நோவானேன்?

எங்கள் சித்தி வீட்டு மாடிக் கதவை வைத்தே சொல்கிறேன். மேற்குப் பார்த்த கதவு. திறந்தால் நேராக மலை தெரியும். அந்தக் கதவின் ஹேண்டில் கொஞ்ச நாளாகத் தொங்கிக்கொண்டிருந்து, ஒரு நாள் கழுத்தோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது.

"ஏலே, காலையில லேசா பூட்டிருது. மத்தியானம் ஆச்சுன்னா தொங்கினாலும் பூட்டமாட்டேங்கு," என்றார் சித்தி.

ஃபோட்டோவை வாட்ஸ்அப்பில் பார்த்த ஃபிட்டர் ஒருவர், "லாக் செட்டே போயிருச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார். சித்தி சொன்ன அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஹேண்டிலின் பின்னால் ஒரு சதுரக் கம்பி. ஸ்பிண்டில் என்பார்கள். அது கதவுக்குள் இருக்கிற பூட்டுப் பெட்டியைத் திருப்பும். பெட்டி, விளிம்பில் உள்ள நீளப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும். பட்டையில் இருக்கிற கொக்கிகளும் உருளைகளும் நிலையில் உள்ள குழிகளுக்குள் போய் உட்காரும். பல மாடல்களில் ஹேண்டிலை மேலே தூக்கினால் கொக்கி ஏறும். பிறகு சாவியைத் திருப்பினால் பட்டை அசையாமல் நிற்கும். ஆக, எங்கே கொக்கி இடித்தாலும் அந்தப் பாரம் முழுவதும் கடைசியில் வந்து சேருவது நீங்கள் பிடித்திருக்கிற ஹேண்டிலின் கழுத்துக்குத்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை: கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஹேண்டிலைத் தூக்குங்கள், சாவியைத் திருப்புங்கள். திறந்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி ஓடி, மூடியபிறகு மட்டும் முரண்டு பிடித்தால் ஹேண்டிலிலும் கோளாறு இல்லை, பூட்டுப் பெட்டியிலும் கோளாறு இல்லை. கதவு இறங்கியிருக்கிறது, அல்லது வெயிலில் நீண்டிருக்கிறது. திறந்திருக்கும்போதும் முரண்டு பிடித்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

வெயிலில் நீளுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. யுபிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 0.07 மி.மீ நீளும். கதவின் உயரம் 2.1 மீட்டர், காலைக்கும் மதியத்துக்கும் கதவின் சூடு 20 டிகிரி கூடுகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 3 மி.மீ வருகிறது. உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை அதில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஆனாலும் ஏற்கெனவே ஒட்டி உரசிக்கொண்டிருக்கும் கொக்கிக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ. போதும், குழியை விட்டு விலக. அடர்ந்த மரக் கலர் ஒட்டிய கதவு வெள்ளைக் கதவைவிட அதிகம் சூடாகும். மேற்கு வெயில் முழுசாக விழுகிற இடத்தில் அந்தக் கலரை எடுப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கே மலையைத் தாண்டி வருகிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நம்பித்தான் கயத்தாறு வரைக்கும் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். மாடிக் கதவைக் கொக்கி போடாமல் விட்டால் அந்தக் காற்று தூக்கி அடிக்கிற அடியில் கீல் தளரும். கண்ணாடிக்குக் கீழே முட்டுக்கொடுத்து வைத்த பிளாஸ்டிக் துண்டுகள் நழுவும். கதவுச் சட்டம் சதுரம் குலையாமல் நிற்பதே அந்தத் துண்டுகளால்தான். கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து பூட்டுப் பக்கத்து மேல் மூலைக்குக் கண்ணாடியின் பாரம் சாய்வாகப் போய்ச் சேரும்படி அவற்றைச் செருகியிருப்பார்கள். அவை நழுவினால் பூட்டுப் பக்கம் கதவு தலை சாயும்.

சித்தி வீட்டில் கதவை மூடிவிட்டு மேல் இடைவெளியைப் பார்த்தேன். கீல் பக்கம் குறுகலாகவும் பூட்டுப் பக்கம் அகலமாகவும் இருந்தது. கதவு இறங்கிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கீலின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அலன் கீயைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பலுக்கும் கதவை மூடிப் பார்த்து, இடைவெளியைச் சமப்படுத்தியதும் கொக்கி தானாகப் போய் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் ஹேண்டில் வாங்கவே கிளம்பினேன். இந்த வரிசை முக்கியம். கதவைச் சரி செய்யாமல் புது ஹேண்டில் மாட்டினால் அதுவும் அடுத்த ஆடியைத் தாண்டாது.

இடைவெளி எல்லாம் சரியாக இருந்தும் ஹேண்டில் தொங்குகிறது என்றால் ஸ்பிரிங் போயிருக்கும். சில மாடல்களில் ஸ்பிரிங் ஹேண்டிலின் தகட்டுக்குள் இருக்கும், சிலவற்றில் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கும். ஹேண்டிலைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். விட்டதும் அது பழைய இடத்துக்குத் திரும்பினால் அதன் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. பழைய ஹேண்டிலில் ஸ்பிரிங்கே இல்லாத மாடல் என்றால் புதிதாக வாங்குவது ஸ்பிரிங் வைத்ததாக இருக்கட்டும். பெட்டி ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் கொஞ்ச காலம் அது தாங்கிக்கொள்ளும்.

அளக்க வேண்டியவை

சென்டிமீட்டர் கணக்கு இதற்கு ஆகாது. மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

ஒன்று, சதுரக் கம்பியின் நடுவிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரைக்கும் உள்ள தூரம். சாவித் துவாரத்தின் மேல்பகுதி வட்டமாகவும் கீழே வால் போலவும் இருக்கும். வட்டத்தின் நடுவைத்தான் எடுக்க வேண்டும், மொத்தத் துவாரத்தின் நடுவை எடுத்தால் கணக்குத் தப்பிவிடும். கடைக்காரர்கள் இதை 'பிஇசட்' அளவு என்பார்கள். 92, 85 இரண்டும் அதிகம் புழங்குகின்றன. 70, 72 போன்றவையும் உண்டு. 92க்கும் 85க்கும் ஏழு மி.மீ தானே வித்தியாசம், அரம் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துவாரத்தை ராவினால் சாவி நுழைகிற சிலிண்டரைச் சுற்றி ஓட்டை விழும், தகடும் பலம் இழக்கும்.

இரண்டு, சதுரக் கம்பியின் பருமன். கதவுக்குப் பெரும்பாலும் 8 மி.மீ. ஜன்னலுக்கு 7 மி.மீ. எட்டு மி.மீ துளைக்குள் ஏழு மி.மீ கம்பியைப் போட்டால் உள்ளே போகும், ஆடிக்கொண்டேயிருந்து பூட்டுப் பெட்டியைத் தேய்த்துவிடும்.

மூன்று, மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் உள்ள தூரம். இது பொருந்தாவிட்டால் கதவில் புது ஓட்டை போட வேண்டிவரும். கதவின் உள்ளே இரும்புப் பட்டை ஓடுவதால் அது லேசான வேலை இல்லை.

நான்கு, தகட்டின் நீளமும் அகலமும். புதுத் தகடு பழையதைவிடச் சிறியதாக இருந்தால் பழைய ஓட்டையும் அழுக்குக் கோடும் வெளியே தெரியும். பெரிதாக இருப்பதில் தப்பில்லை, கண்ணாடியைப் பிடித்திருக்கிற பட்டையில் இடிக்காத வரைக்கும்.

ஐந்து, கதவின் கனம். 60 மி.மீ சட்டத்துக்கு வருகிற கம்பியும் ஸ்க்ரூவும் 70 மி.மீ சட்டத்துக்குப் போதாது. நீளம் கூடினால் ஹேக்ஸா பிளேடால் அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இவற்றோடு கவனிக்க வேண்டியது ஹேண்டிலின் வகை. சில கதவுகளுக்கு இரண்டு பக்கமும் அசையும் பிடி. சிலவற்றுக்கு உள்ளே அசையும் பிடி, வெளியே அசையாத பிடி. இரண்டாவது வகையில் கதவைச் சாத்தினாலே போதும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாது. வாசல் கதவுக்கு நல்லது. மாடிக் கதவுக்கு மாட்டினால் துணி காயப்போடப் போனவர் காற்றில் கதவு சாத்திக்கொண்டால் மொட்டை மாடியிலேயே நிற்க வேண்டியதுதான். பழையது எதுவோ அதையே வாங்குங்கள். மாற்ற விரும்பினால் பூட்டுப் பெட்டி அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இடது கை, வலது கை பேதமும் உண்டு. ஸ்பிரிங் வைத்தவற்றில் சிலவற்றைத் திருப்பி மாட்ட முடியாது.

ஸ்லைடிங் கதவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் பிடியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளின் நீளமும் இரண்டு ஸ்க்ரூவின் இடைவெளியும்தான் முக்கியம். பழையதைக் கையோடு கொண்டுபோவதே நல்லது.

கடையில்

ராஜபாளையத்தில் ஒரு ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் அளவுச் சீட்டையும் ஒடிந்த ஹேண்டிலையும் சேர்த்து நீட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, ஹேண்டிலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "எல்லாரும் ஃபோட்டோவத்தான் காட்டுதாவ. ஃபோட்டோவுல எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கும்," என்றார். பிறகு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று லேசாக இருந்தது, இன்னொன்று கையில் கனத்தது.

இந்த எடை வித்தியாசத்தைப் புரிந்துகொள்வது நல்லது. சந்தையில் அதிகம் வருவது துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. அடுத்து அலுமினியம். அதற்கும் மேல் விலையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துத்தநாகக் கலவை அலுமினியத்தைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். காந்தத்தை வைத்துப் பார்ப்பது உதவாது. துத்தநாகமும் அலுமினியமும் ஒட்டாது, 304 ரக ஸ்டீலும் பெரும்பாலும் ஒட்டாது. கனமாக இருப்பதெல்லாம் நல்லது என்றும் அர்த்தமில்லை. பிடி தகட்டோடு சேருகிற கழுத்தைப் பாருங்கள். ஒடிவது எப்போதும் அங்கேதான். வார்ப்பில் குழி இருக்கிறதா, பிடியைக் குலுக்கினால் ஆடுகிறதா, விட்டால் டக்கென்று திரும்புகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். தூத்துக்குடி, திருச்செந்தூர் மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் உப்புக் காற்றைத் தாங்குகிற 316 ரக ஸ்டீலுக்குச் செலவழிப்பது வீண்போகாது. மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு நல்ல பவுடர் கோட்டிங் போட்ட துத்தநாகமே போதும். தங்க நிற முலாம் வெயிலிலும் வியர்வைக் கையிலும் சீக்கிரம் தோல் உரியும். மேற்குக் கதவுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படத்தில் அளவுக்கோடு போட்டிருக்கிற பொருளை மட்டும் வாங்குங்கள். 'எல்லா யுபிவிசி கதவுக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்த இடத்தில் எனக்குத் திண்டுக்கல் ஞாபகம் வரும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு கை வேலை. ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்கென்றே ராவிய சாவி. கெட்டுப்போனால் அதைச் செய்கிற கை தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும். யுபிவிசி பூட்டின் சௌகரியம் இதற்கு நேர் எதிர். எந்த நாட்டில் வார்த்திருந்தாலும் 92 என்றால் 92தான். எண் தெரிந்திருந்தால் ஆளைத் தேட வேண்டாம். தெரியாவிட்டால் மொத்தக் கதவையும் மாற்றச் சொல்கிற ஆளிடம் மாட்டிக்கொள்வோம்.

மாட்டுதல்

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், அலன் கீ, டேப், தேவைப்பட்டால் ஹேக்ஸா பிளேடு. கதவைத் திறந்து, அடியில் ஒரு கட்டையைச் செருகி அசையாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். சாவியை உருவிவிடுங்கள். உள்பக்கத் தகட்டில் மேலும் கீழும் ஸ்க்ரூ இருக்கும். சில மாடல்களில் அது மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். வெளிப்பக்கத் தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் இரண்டு தகடும் பிரிந்து வரும்.

சிலிண்டரையும் மாற்றுவதாக இருந்தால் கதவின் விளிம்பில், சாவித் துவாரத்தின் நேரே உள்ள நீள ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பிக்கொண்டே இழுங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அது தானாக வெளியே வரும். புதுசு வாங்க, அந்த ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து இரண்டு பக்க நீளத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். 35/35 என்று பெட்டியில் போட்டிருப்பது அதைத்தான். மாட்டியபின் சிலிண்டர் தகட்டுக்கு வெளியே 3 மி.மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் இடுக்கியால் பிடித்து நடுவில் ஒடித்துவிடுவான். ஸ்க்ரூ ஓட்டை இருக்கிற நடுப்பகுதிதான் அதில் மெலிந்த இடம். இங்கிலாந்தில் இப்படி ஒடித்துத் திருடுவது பெருகித்தான் ஒடிக்க முடியாத சிலிண்டர்கள் சந்தைக்கு வந்தன. பழையதைவிட மெல்லிய தகட்டை வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தகடு மெலிந்த அளவுக்குச் சிலிண்டர் வெளியே தெரியும்.

புது ஹேண்டிலை மாட்டும்போது ஸ்க்ரூவைக் கையால்தான் முறுக்க வேண்டும். டிரில்லை வைத்து முறுக்கினால் துத்தநாகத்தில் போட்ட மரை ஒரே நொடியில் வழுகிவிடும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். கதவுச் சட்டம் உள்ளே வெற்றிடம் என்பதை மறக்க வேண்டாம். பலமாக இறுக்கினால் இரண்டு தகடும் சட்டத்தை அமுக்கி, ஹேண்டில் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். முறுக்கிய பின் ஹேண்டில் இறுகினால் அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போதே சாவியோடு சேர்த்து எல்லாவற்றையும் பலமுறை இயக்கிப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். மூடிய பிறகு பூட்டு சிக்கிக்கொண்டால் திறப்பது பெரும்பாடு.

கடைசியாக எண்ணெய். நான் தடுக்கத் தடுக்கச் சித்தி கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோடு வந்து நின்றார். இரும்பு நாதாங்கிக்குச் சரி, இந்தப் பூட்டுக்கு ஆகாது. நம் ஊர்த் தூசி அதில் ஒட்டிச் சேறாகும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையவும் செய்யும், மார்கழிக் காலையில் பூட்டு கனக்கும். கொக்கிக்கும் உருளைக்கும் சிலிகோன் ஸ்பிரே, சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் தூள், இரண்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

சித்தி வீட்டில் லாக் செட் மாற்றவில்லை. ஹேண்டிலும் கீலைத் திருப்பிய வேலையும் மட்டும்தான். மத்தியானத்திலும் கதவு இப்போது ஒரு கையால் பூட்டுகிறது. காற்றுக்குக் கதவை இழுத்துப் பிடிக்கச் சுவரில் ஒரு கொக்கியும் அடித்தாயிற்று.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு மாட்டுகிற நாளிலேயே ஃபிட்டரிடம் பிஇசட் அளவு, கம்பியின் பருமன், ஸ்க்ரூ இடைவெளி, சட்டத்தின் கனம், சிலிண்டர் நீளம் ஐந்தையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே மாடலில் ஒரு ஜோடி ஹேண்டிலையும் கூடுதலாக வாங்கி பீரோவில் வையுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், கட்டாயம் எழுதித் தருவார்கள்.